நெய்யூர் டாக்டரும் எவரெஸ்ட் பனிச்சரிவும்

உங்க ஹாஸ்டல்ல கன்னியாகுமரி மாவட்டத்து நண்பர்கள் யாராவது இருந்தா, நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பத்திக் கேட்டுப் பாருங்க. சாமர்வெல் என்ற பெயரை வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கலாம். அந்த டாக்டர், எவரெஸ்ட்டில் ஆக்ஸிஜன் உருளை இல்லாமலே சுமார் 28,000 அடி வரை ஏறியவர்.

தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் 1890-ல் இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் பிறந்தார். குடும்பத்துக்கு ஷூ தயாரிக்கும் தொழில். இவரோ கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்து, பிறகு சர்ஜன் ஆனார். 1916-ல் சோம் போர்க்களத்தில் ராணுவ மருத்துவர். காயம்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் ஸ்ட்ரெச்சரில் காத்துக் கிடக்க, யாரை முதலில் மேஜைக்குத் தூக்குவது என்று முடிவெடுக்க வேண்டிய வேலை. அதன் பிறகு போர் என்றாலே அவருக்கு ஆகாது.

1922 மே மாதம் மல்லோரி, நார்ட்டன் ஆகியோருடன் எவரெஸ்ட்டில் கிட்டத்தட்ட 27,000 அடியைத் தொட்டார். அதுவரை யாரும் ஏறாத உயரம். அதோடு இறங்கி வந்திருக்கலாம். ஆனால் இன்னொரு முறை முயன்று பார்க்கத் துணிந்தார்கள். அதற்குள் பருவமழைக் காலம் வந்துவிட்டது. அந்த உயரத்தில் மழை என்றால் பனிதான். புதுப்பனி குவிந்தது.

இங்கே உங்க முதல் வருஷ மெக்கானிக்ஸ் கணக்கை ஞாபகப்படுத்திக்கோங்க. சாய்தளத்தில் ஒரு பலகை. எடையின் ஒரு கூறு அதைக் கீழே இழுக்கும், அடியிலுள்ள பிடிப்பு தடுக்கும். பனிச்சரிவும் அதேதான். பழைய பனி மேல் புதுப்பனி தட்டையாகப் படியும். இரண்டுக்கும் நடுவே பிடிப்பு சரியாக உருவாகாவிட்டால், மேல் தட்டு முழுக்க ஒரு நூலில் தொங்குகிற நிலைமை. சரிவு 30 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் நகராது. 60-க்கு மேல் போனால் பனி அவ்வளவாகத் தங்காது. நடுவில் இருப்பதுதான் ஆபத்து. அங்கே குறுக்கே காலால் பாதை வெட்டிக்கொண்டு போனால், தட்டை நாமே அறுத்துவிடுகிற மாதிரி.

ஜூன் 7 அன்று சாமர்வெல், மல்லோரி, க்ராஃபோர்ட், 14 ஷெர்பாக்கள் நார்த் கோல் சரிவில் ஏறினார்கள். கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. கீழே ஒரு செங்குத்தான இடத்தில் பனியைச் சோதித்தார்கள், அது அசையவில்லை. அந்த இடம் பாஸ் ஆனதால் மேலே உள்ள சரிவும் பாஸ் என்று எடுத்துக்கொண்டார்கள். பனி அப்படி இருக்காது. பத்தடி தள்ளினாலே ஆழமும் அடியிலுள்ள அடுக்கும் மாறிவிடும்.

மதியம் ஒன்றரை மணி வாக்கில் வெடிமருந்து வெடித்தது போல ஒரு சத்தம். சரிவே நழுவியது. முன்னால் இருந்த கயிற்றில் பிரிட்டிஷ்காரர்கள் மூவரும். அவர்கள் கொஞ்ச தூரம் இழுபட்டு, பனியிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். பின்னால் வந்த ஒன்பது ஷெர்பாக்களை அது ஒரு பனிப்பாறை விளிம்புக்கு அப்பால் தள்ளியது. இரண்டு பேரை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். ஏழு பேர் செத்துப்போனார்கள்.

முடிவெடுத்தவர்களுக்குக் கீறல்கூட இல்லை. சுமை தூக்கி வந்தவர்கள் போய்விட்டார்கள். தங்களில் ஒருவராவது அவர்களோடு செத்திருக்கக் கூடாதா என்று சாமர்வெல் துடித்தார். பின்னாளில் தன் புத்தகத்தில் அதை ஒளிக்காமல் எழுதினார்.

ஊர் திரும்புவதற்கு முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். அப்போது திருவிதாங்கூரில் இருந்த நெய்யூருக்கு வந்தார். மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் அலைமோதுகிறது. உள்ளே முறையாகத் தகுதிபெற்ற சர்ஜன் ஒரே ஒருத்தர். சோம் போர்க்களம் ஞாபகம் வராமலா இருந்திருக்கும்? லண்டனில் காத்திருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு 1923-ல் இங்கேயே வந்துவிட்டார். பனிச்சரிவுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் நடுவில் சில மாதங்கள்தான்.

1924-ல் நெய்யூரிலிருந்தே மறுபடி எவரெஸ்ட் போனார். இறங்கும்போது, பனிக்காற்றில் வெந்து உரிந்த தொண்டைச் சவ்வு மூச்சை அடைத்துக்கொண்டது. நெஞ்சில் தானே குத்தி, அதை இருமித் துப்பிப் பிழைத்தார். தன் கேமராவை மல்லோரியிடம் கொடுத்திருந்தார். மல்லோரி திரும்பவில்லை, கேமராவும் இன்றுவரை கிடைக்கவில்லை.

அதன் பிறகு நெய்யூரில் கால் நூற்றாண்டு. அந்த வட்டாரத்தில் மலிந்திருந்த குடல்புண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்வதில் பெயர் பெற்றார். 1949 முதல் வேலூர் சி.எம்.சி.யில் சர்ஜரி கற்பித்தார். 1961-ல் ஊர் திரும்பி, ஆல்பைன் கிளப்பின் தலைவராக மூன்று வருஷம் இருந்தார். 1975-ல் ஆம்பிள்சைடில் காலமானார்.