நிலநடுக்கத்தை ஏடாகப் படித்த ஓல்டம்

வடமராட்சி கிழக்கிலே மணற்காடு, ஆழியவளை, உடுத்துறை, மருதங்கேணி முதலிய கரையூர்களை 2004 ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26 ஆம் நாள் கடல் கொண்டது. அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர்ச் சுமாத்திராவை அடுத்த கடலடியில் நிலம் பிளந்தது. நீரலை இலங்கைக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றது. நிலத்தினூடு விரைந்த நடுக்க அலையோ சில நிமிடங்களுள்ளே வந்து, கண்டியை அடுத்த பல்லேகலைக் கருவியிற் பதிந்துவிட்டது. பதிந்ததை வாசித்துக் கரையிலுள்ளார்க்கு உரைக்கும் ஒழுங்குதான் இருக்கவில்லை. அவ்வலைகளை ஏடு போல வாசிக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவருள் முதல்வரிசையில் நிற்பவர், நம் அயலாகிய வங்கக்கடலின் நடுக்கமொன்றையும் ஆராய்ந்தவர் என்பதை நம்மனோர் பலர் அறியார். அவர்தாம் றிச்சாட் டிக்சன் ஓல்டம்.

1858 ஆம் ஆண்டு யூலை 31 இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் தோமஸ் ஓல்டம், இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் துறையைத் தொடங்கி நடத்திய முதல் தலைவர். தந்தையார் 1878 இல் மறைந்தார். மைந்தர் மறு ஆண்டே அத்துறையிற் சேர்ந்தார். 1869 இல் நிகழ்ந்த கச்சார் நிலநடுக்கம் பற்றித் தந்தையார் எழுதி முடியாது விட்டுச்சென்ற ஏடுகள் அவர் கைக்கு வந்தன. அவற்றை நிறைவு செய்து 1882 இல் அச்சேற்றினார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தைப் பதிப்பித்தார் என்பதை ஈண்டு நினைத்துக்கொள்கிறேன். முன்னோர் விட்ட ஏட்டை அழியாமற் காத்தல் எத்துறையிலும் ஒரு தவமே.

1881 மார்கழி 31 இல் கார் நிக்கோபார்த் தீவருகே கடலடி நடுங்கிற்று. எழுந்த பேரலை ஆளுயரத்தை எட்டவில்லை. ஆயினும் நாகபட்டினம், சென்னை முதலிய துறைமுகங்களின் வற்றுப்பெருக்கு மானிகள் அதனைக் கோடாக வரைந்து வைத்தன. அந்நடுக்கத்தைப் பற்றி ஓல்டம் 1884 இல் ஒரு குறிப்பு வெளியிட்டார். அக்காலத்திற் கடலடித் தகடுகள் என்ற கருத்தே பிறக்கவில்லை. நூற்றிருபது ஆண்டு கழித்து அப்பழைய கோடுகளை இரு ஆராய்ச்சியாளர் மீண்டும் எடுத்து ஆய்ந்து, நடுக்கத்தின் அளவு 7.9 என 2003 இல் எழுதினர். அடுத்த ஆண்டின் முடிவிலே அதே தகட்டு விளிம்பு, ஆயிரத்து இருநூறு கிலோமீற்றருக்கு மேல் நீளமாகக் கிழிந்தது.

ஓல்டமின் பெயரை நிலைநாட்டியது அசாம் நடுக்கம். 1897 யூன் 12 ஆம் நாள் மாலை ஐந்தேகால் மணியளவில் அது நிகழ்ந்தது. சில்லோங்கிற் கற்கட்டடங்கள் யாவும் வீழ்ந்தன. இறந்தோர் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூற்றுவர். மாலைப்பொழுதாதலின் மக்கள் பலர் வெளியே நின்றமையால் தொகை அவ்வளவில் அமைந்தது. ஓல்டம் அந்நிலமெங்கும் ஆராய்ச்சி நடத்தினார். மண்ணிற் புதைந்துகிடந்த கற்கள், தாம் கிடந்த குழியின் விளிம்பைக் கலைக்காமலே வெளியே எறியப்பட்டிருந்தன. நிலம் மேல்நோக்கி உதைத்த விசை, புவி தன்பால் ஈர்க்கும் விசையையும் விஞ்சிற்று என்று அவர் அதனாற் கண்டார். ஒரு கல் கிடந்த கிடையிலிருந்து இத்துணை பெரிய முடிவை வருவித்தல் எளிதன்று. 1899 இல் வெளியான அவ்வறிக்கையை நடுக்க ஆராய்ச்சியாளர் இன்றும் எடுத்து ஆள்கின்றனர்.

நடுக்கம் நிகழ்ந்த நாட்டிலே அதனைச் செவ்வையாகப் பதியும் கருவி இல்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இத்தாலி முதலிய ஐரோப்பிய நாடுகளிலே இருந்தது. அங்குப் பதிந்த கோடுகளை வருவித்து, பண்டிதர் ஒரு நூலின் பல சுவடிகளைப் பக்கத்திற் பக்கம் வைத்துப் பாடபேதம் நோக்குவது போல ஓல்டம் ஒப்புநோக்கினார். எல்லாவற்றிலும் மூன்று கூறுகள் முறையே வந்தன. முதலில் வருவது முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுத்துச் செல்லும் அலை. அடுத்தது பக்கவாட்டில் அசைந்து செல்வது. இவையிரண்டும் புவியின் உள்ளூடு செல்வன. மூன்றாவது மேற்பரப்பை ஒட்டி மெல்லப் பரவுவது. முதலலைக்கும் இரண்டாமலைக்கும் இடையிலுள்ள நேரத்தைக் கண்டால், நடுக்கம் எத்துணைத் தொலைவில் நிகழ்ந்தது என்பதைக் கணக்கிடலாம். இம்மூன்றினையும் 1900 இல் அவர் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். மின்னலைக் கண்டு இடியோசைக்கு எண்ணும் சிறுவரும் இக்கணக்கின் வழியை அறிவர்.

உடல்நலக் குறைவினால் 1903 இல் அவர் பணியை விட்டு இங்கிலாந்து சென்றார். ஓய்வு பெற்ற பின்னரே அவருடைய தலையாய ஆய்வு வெளிவந்தது. நெடுந்தொலைவிலிருந்து புவியின் நடுப்பகுதி வழியாக வரும் அலைகள் கணக்குக்குப் பிந்தி வருவதை நோக்கி, உள்ளே வேறுவகைப் பொருளாலான ஓர் அகக்கோளம் உண்டு என்று 1906 இல் எழுதினார். இரண்டாமலை என்று அவர் கொண்ட பதிவு ஒன்று, மேற்பரப்பிற் பட்டுத் திரும்பிய வேறோர் அலை எனப் பின்னர்த் தெரிந்தது. அகக்கோளத்தின் எல்லையைக் குட்டன்பேக் என்பார் ஏறத்தாழ 2900 கிலோமீற்றர் ஆழத்திற் செம்மையாக வரையறுத்தார். வழி திறந்தவர் ஓல்டமே. பாடம் சிறிது பிழைத்தாலும் பொருள் பிழைக்கவில்லை.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது 1907 இல் அவர் வெளியிட்ட ஆய்வு. முந்திய ஆண்டில் நிகழ்ந்த சான் பிரான்சிஸ்கோ, கொலம்பியா நடுக்கங்களின் ஐரோப்பியப் பதிவுகளை அவர் எடுத்துக்கொண்டார். முதலதன் அலைகள் பெரிதும் கண்டத்தின் கீழும், மற்றதன் அலைகள் அத்திலாந்திக் கடலின் கீழும் வந்தவை. இரண்டின் பதிவும் ஒத்திருக்கவில்லை. கடலின் கீழுள்ள பொருள் கண்டத்தின் கீழுள்ள பொருளின் வேறானது என்ற கருத்துக்கு அவர் அதனாற் சென்றார். கப்பலேறிக் கடலடியில் வெடிவைத்து அலைகளை அளக்கும் முறையை அமெரிக்க அறிஞர் மொறிஸ் இயூவிங் தொடங்கியது 1935 இலேதான். பின்வந்தோர் கடலடி ஓடு ஆறேழு கிலோமீற்றர்த் தடிப்பினதென்றும், கண்டத்தின் ஓடு முப்பது நாற்பது கிலோமீற்றர் என்றும் அளந்தனர். சுமாத்திராவின் கீழ் இந்தியத் தகடு சாய்ந்து இறங்குவதை, ஆழமாகிச் செல்லும் நடுக்கங்களின் வரிசையே காட்டிக்கொடுத்தது.

இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் லயல் பதக்கம் 1908 இலும், அரச கழக உறுப்புரிமை 1911 இலும் அவரை அடைந்தன. 1920 முதல் 1922 வரை அப்புவிச்சரிதவியற் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். 1936 யூலை 15 இல் வேல்சு நாட்டு லண்டிரின்டொட் வெல்ஸ் என்னும் ஊரிற் காலமானார். அவர் கண்ட அகக்கோளத்தினுள்ளே மற்றோர் உட்கோளம் உண்டென்று தென்மார்க்குப் பெண்மணி இங்கே லேமன் வெளியிட்டது அதே ஆண்டு. அசாம் நடுக்கத்துக்குக் காரணமான பிளவு நிலமேற் புலப்படாது, சில்லோங் மேட்டுநிலத்தின் வடவிளிம்பின் கீழ் மறைந்திருப்பது என 2001 இல் எழுதிய ஆய்வாளர், அதற்கு ஓல்டம் பிளவு என்றே பெயரிட்டனர்.