அணுவின் அளவறிந்த அறிஞர்

விக்டர் கோல்ட்ஸ்மித் என்னும் பேரறிஞர் 1888ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் வேதியியல் பேராசிரியர். தந்தையார்க்கு நார்வே நாட்டில் பணி கிடைத்தமையால், 1901இல் குடும்பத்தார் ஆங்குக் குடியேறினர். இளமையிலேயே கனிமங்கள் விக்டரின் உள்ளத்தைக் கவர்ந்தன. அயராது பயின்ற அவர் இருபத்தாறாம் வயதிலேயே பேராசிரியரானார்.

படிகம் என்பது அயனிகள் என்னும் மின்னூட்டம் பெற்ற அணுக்கள் ஒழுங்குற அடுக்கப்பெற்ற கட்டடம் போன்றது. 1839இல் யூரல் மலைக் கனிமமொன்றுக்குப் பெரோவ்ஸ்கைட் எனப் பெயரிட்டனர். அதன் அமைப்பில் பெரிய அயனியொன்று சட்டத்தின் நடுவே பொருந்தியிருக்கும். அது மிகப் பெரிதாயினும் மிகச் சிறிதாயினும் அவ்வமைப்பு நிலைகுலையும். அயனிகளின் அளவைக் கொண்டு இப்பொருத்தத்தைக் கணக்கிடும் வழியை 1926இல் கோல்ட்ஸ்மித் கண்டார். கணக்கில் வரும் எண் ஒன்றை ஒட்டியிருப்பின் அமைப்பு நிலைபெறும் என்பதே அதன் சாரம்.

1929இல் அவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். நாஜிகள் ஆட்சியேறியபின் யூதரை வெறுக்கும் கொடுமை ஓங்கியது. யூதரான அவர் 1935இல் பதவி துறந்து நார்வேக்குத் திரும்பினார். 1940இல் ஜெர்மானியர் அந்நாட்டையும் கைப்பற்றினர். 1942 நவம்பரில் அவரைச் சிறைப்பிடித்துத் துறைமுகத்திற்குக் கொண்டு சென்றனர். அவரது அறிவு பயன்படும் என்பதால் இறுதி வேளையில் கப்பலேற்றாது விட்டனர். கப்பலேறியோருள் மிகச் சிலரே உயிர் பிழைத்தனர். அடுத்த திங்களில் அவர் மறைவாகச் சுவீடனுக்குத் தப்பி, பின்னர் இங்கிலாந்தை அடைந்தார். 1946இல் நார்வே மீண்டு, மறு ஆண்டே மறைந்தார். புவிவேதியியல் குறித்த அவரது பெருநூல் 1954இல் வெளிவந்தது.

அவர் பிறந்த சூரிக் நகரில், 2015இல் ஆய்வாளர் சிலர் சீசியம், ஈயம் ஆகியவற்றுடன் குளோரின், புரோமின், அயோடின் ஆகியவற்றைச் சேர்த்துப் பெரோவ்ஸ்கைட் நுண்படிகங்களை உருவாக்கினர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கின் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அப்படிகங்கள் பத்து நானோமீட்டர் அளவினவே. குளோரின் மிகுந்தால் நீலமும், புரோமினால் பச்சையும், அயோடினால் சிவப்பும் ஒளிரும். ஆயின் ஈரம் பட்டால் அவை எளிதில் கெடும். எனவே அவற்றைப் பாலிமருடன் கலந்து மையாக்கி, மெல்லிய ஏடுகளாக அச்சிடும் முறைகளை அறிவியலார் வகுத்துள்ளனர். புறத்தே ஈரம் புகாது தடுப்பது பாலிமர். அகத்தே படிகம் குலையாது நிற்கத் துணைசெய்வது அயனிகளின் அளவுப் பொருத்தம். அப்பொருத்தத்தை ஆராய்வோர் இன்றும் கோல்ட்ஸ்மித்தின் கணக்கையே முதலில் நாடுகின்றனர்.

அவரை நாட்டைவிட்டுத் துரத்த இயன்றது. அவர் கண்ட உண்மையைத் துரத்த எவராலும் இயலவில்லை.