கணக்குக்குச் சாட்சி சொன்ன சங்கிலி

சிவாஜிநகரில் வாழும் தமிழர் பலரின் முன்னோர், 1809-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இங்கு அமைத்த தண்டை நாடி வந்தவர்கள். அவர்களுக்கு ஐந்தாண்டு முந்தியே சென்னையிலிருந்து ஒரு கணக்கு இவ்வூர்ப் பக்கம் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் வில்லியம் லாம்டன்.

யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 33-ஆம் படைப்பிரிவில் சேர்ந்து, 1799-இல் சீரங்கப்பட்டணப் போரில் நின்றவர். போர் ஓய்ந்ததும், தென்னாட்டை முக்கோணங்களால் அளந்து பூமியின் வடிவத்தையும் காண அனுமதி வேண்டினார்.

1802-இல் பரங்கிமலையருகே நூறடி எஃகுச் சங்கிலியை நானூறு தடவை நீட்டி, ஏழரை மைல் நேர்கோடு ஒன்றை அளந்தார். சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், வேண்டாமென்று திரும்பிய சங்கிலி அது! அதன்பின் அரை டன் எடையுள்ள தியோடலைட்டால் கோணங்களை மட்டுமே பார்த்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் கணக்கிட்டு மேற்கே வந்தார். ஒன்று பிழைத்தால் அடுத்ததும் பிழைக்கும். பிழையோ வாய் திறந்து சொல்லாது.

1804-இல் பெங்களூரருகே அவர் செய்ததைக் கவனியுங்கள், நண்பர்களே. அங்கே ஏழரை மைல் அளவில் இன்னொரு கோடு. அதன் நீளம் கணக்கின்படி இவ்வளவு என்றிருக்க, அதையே மறுபடி சங்கிலியால் அளக்கச் செய்தார். பெரிதாக முரண்பட்டிருந்தால் ஈராண்டு உழைப்பும் வீண். வேறுபாடு 3.7 அங்குலம்!

நாம் நிரலுக்கு வைக்கும் சோதனையும் இதுவே. வந்த விடையை, வரவேண்டிய விடையோடு கணினி தானே ஒப்பிடுகிறது. ஆனால் அந்த வரவேண்டிய விடையைச் சொன்னது யார்? என் ஆய்வு நிரல் முதல்நாள் உமிழ்ந்த எண்களையே சரியான விடையென்று நான் எழுதிவைத்தேன். ஒவ்வோர் இரவும் சோதனை தேறியது. நானும் நிம்மதியாக உறங்கினேன். மூன்று மாதம் சென்றபின், ஓரிடத்தில் கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி இருப்பதைக் கண்டேன். வரைந்த படங்களெல்லாம் குப்பைக்குப் போயின. கணக்கையே கணக்குக்குச் சாட்சியாக நிறுத்தியவன் நான். லாம்டன் சங்கிலியைக் கூப்பிட்டார்.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்து, தியோடலைட் சுவரில் மோதி வளைந்தது. ஆறு வாரம் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து, தம் கையாலேயே அதை நிமிர்த்தினார். பிறகு வடக்கு நோக்கி அளந்துகொண்டே போனவர், 1823 ஜனவரியில் நாகபுரிக்குச் செல்லும் வழியில், ஹிங்கன்காட்டில் இறந்தார். கல்லறையும் அங்கேதான்.