விளக்கோடு ஊர் ஊராகப் போன சாமிக்கண்ணு வின்சென்ட்

கடந்த விடுமுறையில் சபாக்கில், படிவம் 4இல் படிக்கும் என் தம்பி பழைய மடிக்கணினித் திரையைக் கழற்றி, ஒரு பலகைப் பெட்டிக்குள் வைத்துப் படம் காட்டும் கருவி செய்தான். சுவரில் படம் விழுந்தது. ஆனால் ஒரே மங்கல். பல்பின் நுனி லென்ஸைப் பார்த்து இருந்தது. அதைப் பக்கவாட்டில் திருப்பி வைத்ததும் படம் தெளிந்தது. இழைச் சுருளின் பக்கவாட்டில்தான் ஒளி அதிகம். நுனிப் பக்கம் குறைவு.

பக்கத்தில் இருந்த பாட்டி, தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அப்படித் திடல் திடலாகப் படம் காட்டுவதைத் தென்னிந்தியாவில் தொடங்கி வைத்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட்.

1883இல் கோயம்புத்தூரில் பிறந்த வின்சென்ட், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்தார். 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படக்கருவியோடு திருச்சிக்கு வந்து, நோய்வாய்ப்பட்டார். ஊர் திரும்ப நினைத்தவர் கருவியையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். வின்சென்டுக்கு அது பல ஆண்டுச் சம்பளம். வாங்கினார், நிலையான வேலையை விட்டார். அப்போது அவருக்கு வயது 22, ஏறக்குறைய நம் வயதுதான்!

இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் மௌனப் படமும் அந்தச் சுருள்களில் இருந்தது. கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். லாகூர், பெஷாவர் வரை போனார்.

அன்று பெரும்பாலான ஊர்களில் மின்சாரம் கிடையாது. அப்படிப்பட்ட இடங்களில் படம் காட்டியவர்கள் பலர் சுண்ணாம்பு விளக்கை நம்பினார்கள். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் சுடரைச் சுண்ணாம்புக் கட்டியில் பாய்ச்சினால், கட்டி வெண்மையாக ஒளிரும். ஆனால் சுடர் பட்ட இடம் குழி விழுந்து, ஒளி மங்கும். அதனால் காட்சி நடக்கும்போதே கட்டியை அடிக்கடி திருப்ப வேண்டும். ஒரு கை படச்சுருளைச் சுழற்ற, இன்னொரு கை விளக்கைக் கவனிக்கும். அந்தக் காலத்துப் படச்சுருளோ எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட். தம்பி சுவிட்சை அணைத்துவிட்டு நிதானமாகத் திருப்பியது எவ்வளவு சுலபமான வேலை என்று அப்போதுதான் தோன்றியது.

1914இல் வின்சென்ட் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டினார். விளக்குக்கு வேண்டிய மின்சாரத்தையும் அவரே உற்பத்தி செய்தார். படம் காட்டியதோடு நிற்காமல், அச்சகத்தையும் அரிசி ஆலையையும் மின்சாரத்தில் ஓட்டினார். பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதே 1932இல்தான்.

பேசும் படம் வந்ததும் தயாரிப்பிலும் இறங்கினார். கல்கத்தாவில் உருவாகி 1933இல் வெளிவந்த 'வள்ளி திருமணம்' அவர் பங்கேற்ற படம், டி.பி. ராஜலட்சுமி நடித்தது. 1942 ஏப்ரலில் வின்சென்ட் காலமானார். பின்னாளில் அவருடைய அரங்கின் பெயர் டிலைட் என்று மாறியது. அது இருந்த சாலையை மட்டும் கோயம்புத்தூர்க்காரர்கள் இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றே சொல்கிறார்கள்.