மேரி சோமர்வில் அம்மையாரும் அழைப்புமணியும்

அட்சரகணிதம் என்று ஒன்று இருப்பதை மேரி அறிந்தது தற்செயலாகத்தான். பெண்களுக்கான நாகரிகச் சஞ்சிகையொன்றைப் புரட்டியபோது, புதிர்க்கணக்கு ஒன்றில் எண்களோடு எழுத்துகளும் கலந்து கிடந்தன. அவை என்னவென்று விளக்க, சஞ்சிகையைக் காட்டியவருக்கும் தெரியவில்லை.

1780 இல் ஸ்கொட்லாந்தில், கடற்படை அதிகாரி ஒருவரின் மகளாகப் பிறந்தவர் அவர். விடுதிப் பாடசாலை வாழ்வு ஒரே ஒரு வருடம். அங்கே நிமிர்ந்திருப்பதற்கென்று உடலில் உலோகச் சட்டம் மாட்டி, அகராதிப் பக்கங்களை மனனம் செய்வித்தார்கள். பின்னர் தம்பியின் ஆசிரியர் மூலம் யூக்ளிட்டின் கேத்திரகணித நூல் கிடைத்தது. இரவிரவாகப் படித்ததில் வீட்டு மெழுகுதிரிகள் தீர்ந்துபோகவே, படுத்ததும் திரியை எடுத்துவிடும்படி வேலைக்காரருக்குக் கட்டளையாயிற்று. அதற்குள் முதல் ஆறு பாகங்களையும் படித்து முடித்திருந்த மேரி, இருட்டிலே நினைவிலிருந்து ஒவ்வொன்றாக நிறுவிப் பார்த்துக்கொண்டார்.

1804 இல் மணந்த முதற் கணவருக்குப் பெண்கள் படிப்பதில் மதிப்பில்லை. மூன்று வருடங்களில் அவர் இறந்தார். 1812 இல் மணந்த வைத்தியர் வில்லியம் சோமர்வில் வேறு மாதிரியானவர். மனைவிக்காக நூலகங்களில் தேடியும், அவரது கையெழுத்துப் பிரதிகளைப் படியெடுத்தும் உதவியவர்.

1827 இல், லாப்பிளாசின் வானியற் பெருநூலை ஆங்கில வாசகருக்கு விளங்கும்படி எழுதித் தருமாறு புரூம் பிரபு கேட்டார். அம்மையாருக்கு அப்போது 46 வயது. எவருக்கும் சொல்லக்கூடாது, சரிவராவிட்டால் பிரதியை நெருப்பிலிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார்.

செல்சியில் அவர்களுடைய வீடு. விடியற்காலையில் எழுந்து, பிள்ளைகளின் பாடங்களையும் வீட்டு அலுவல்களையும் ஒழுங்கு செய்த பின்பே எழுத்து. ஆண்களுக்கு அலுவல் இருக்கிறதென்று சொல்லித் தப்பிக்கொள்ளலாம். அவருக்கு அந்தச் சாட்டு இல்லை. தூரத்திலிருந்து மெனக்கெட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வராது. கடினமான கணக்கின் நடுவே ஒருவர் வந்து, சில மணிநேரம் இருந்து பேசிவிட்டுப் போகவே வந்ததாகச் சொல்லுவார். அவருடைய சின்ன அறையில் கணப்பு இல்லாததால் மாரிகாலத்தில் விருந்தினர் கூடத்திலேயே எழுத வேண்டும். அழைப்புமணி கேட்டதும் தாள்களை ஒளித்துவிடுவார். விட்ட இடத்தை மனதில் குறித்து வைத்து, வந்தவர் போனதும் அதே வரியிலிருந்து தொடரப் பழகிக்கொண்டார். எங்கே விட்டேன் என்று தேடுவதில் எங்களில் பலருக்கு அரைமணி போய்விடும். அந்த அரைமணியை அவர் மிச்சம் பிடித்தார்.

நூல் 1831 இல் வெளிவந்தது. அச்சிட்ட 750 பிரதிகளில் பெரும்பாலானவை கேம்பிரிட்ஜில் விலைப்பட்டன. பெண்ணொருத்தி மாணவியாக நுழைய முடியாத அப்பல்கலைக்கழகத்தில் அது பாடநூலாயிற்று. 1835 இல் அவரும் கரோலின் ஹேர்ஷலும் ரோயல் வானியற் கழகத்தின் கௌரவ உறுப்பினராயினர். பௌதிக விஞ்ஞானங்களின் தொடர்பு பற்றியும் புவியியல் பற்றியும் நூல்கள் தொடர்ந்தன.

நேரம் குறைந்ததால்தான் அம்மையார் சாதித்தார் என்று சொல்வோர் உளர். எனக்கு அது முழுதாகச் சம்மதமில்லை. முதற் கணவர் இறந்தபின் கையில் பணமும் யாரையும் கேட்க வேண்டாத சுதந்திரமும் இருந்த ஐந்து வருடங்களில்தான் அவர் உயர்கணிதத்தை ஊன்றிப் படித்தார். செல்சியின் துண்டு நேரங்கள் பலன் தந்தது அந்த முதலினால். பெண்பிள்ளையின் படிப்பு நேரத்தைப் பறிக்க அவரை உதாரணங் காட்டுவது அநியாயம்.

கடைசிக் காலம் இத்தாலியில். 88 வயதில், நுண்ணிய பொருள்களின் விஞ்ஞானம் பற்றி இரண்டு பாகங்களில் நூல் வெளியிட்டார். ஆயினும் கணிதத்தை விட்டு வெகுசன நூல்கள் எழுதியது தவறோ என்ற கவலை அவருக்கு இருந்தது. 1872 நவம்பரில் நேப்பிள்ஸில் காலமானார். ஏழு வருடங்களின் பின் ஒக்ஸ்போர்டில் பெண்களுக்கென ஆரம்பித்த கல்லூரிக்கு அவர் பெயரே இடப்பட்டது. இந்திரா காந்தி படித்ததும் அங்கேதான்.

முதுமையில் எட்டு மணி முதல் நண்பகல் வரை கட்டிலிலேயே இருந்து கணிதம் படிப்பார். அவர் வளர்த்த சிட்டுக்குருவி, அவர் எழுதும்போதே கையின்மேல் அமர்ந்து தூங்குமாம்.