அடிமையாய் இருந்த ஆசான் எபிக்டெட்டஸ்

மாணவ நண்பர்களே, தத்துவம் என்றதும் பக்கத்தைப் புரட்டி அடுத்த ஜோக்குக்குப் போயிடாதீங்க! சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் மூணு பேரையும் நாம் பள்ளிக்கூடத்திலேயே கேள்விப்பட்டிருக்கிறோம். நான் எழுத வந்தது இன்னொருவரைப் பற்றி. அவர் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. காசு கொடுத்து வாங்கி விற்கக்கூடிய ஓர் அடிமை. எபிக்டெட்டஸ் என்ற பெயருக்கே கிரேக்க மொழியில் ‘சேர்த்துக்கொள்ளப்பட்ட சொத்து’ என்கிற மாதிரிதான் அர்த்தம். ஆடு, மாடு, அண்டா, குண்டா மாதிரி!

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். அதனாலோ என்னவோ, நூலகத்தில் இவரைப் பற்றிய ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் கிடைத்ததும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் உட்கார்ந்து படித்தேன்.

கி.பி. 50 வாக்கில் ஹைராபோலிஸ் என்ற ஊரில் பிறந்தார். இன்றைக்கு அது துருக்கியில் பாமுக்கலே என்ற இடத்தில், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பக்கத்தில், இடிபாடாகக் கிடக்கிறது. இளம் வயதிலேயே ரோமாபுரியில் எப்பாஃப்ரோடிட்டஸ் என்பவருக்கு அடிமை. இந்த எஜமானர் யார் தெரியுமா? நீரோ மன்னனிடம் அடிமையாயிருந்து, விடுதலையாகி, பிறகு அவனுக்கே செயலாளராக உயர்ந்தவர். தான் பட்ட கஷ்டத்தைத் தன் வீட்டு வேலைக்காரனும் படட்டும் என்று நினைக்கிறவர்கள் அன்றைக்கும் இருந்திருக்கிறார்கள்.

அவர் வீட்டுக் கதை ஒன்றை எபிக்டெட்டஸ் பின்னாளில் வகுப்பில் சொல்லிச் சிரித்திருக்கிறார். அங்கே செருப்புத் தைக்கிற அடிமை ஒருவன். எதற்கும் லாயக்கில்லை என்று அவனை விற்றுவிட்டார்கள். அவன் அதிர்ஷ்டம், அரண்மனை ஆட்கள் வாங்கி, மன்னருக்கே செருப்புத் தைக்கிறவன் ஆகிவிட்டான். அவ்வளவுதான்! பழைய எஜமானர் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து நலம் விசாரிக்கிறார், முக்கியமான விஷயங்களுக்கு அவனிடமே யோசனை கேட்கிறார். மன்னர் வீட்டுக்குப் போனதும் செருப்புத் தைக்கிறவனுக்குத் திடீரென்று எங்கிருந்து அறிவு வந்தது என்பதுதான் எபிக்டெட்டஸின் கேள்வி.

அவருக்கு ஒரு கால் ஊனம். எஜமானர் காலை முறுக்கினாராம், இப்படியே செய்தால் உடையும் என்று இவர் அமைதியாகச் சொன்னாராம், உடைந்ததும் நான்தான் சொன்னேனே என்றாராம். இப்படி ஒரு கதை உண்டு. வாத நோயால் வந்தது என்று இன்னொரு பழைய குறிப்பு சொல்கிறது. எனக்கு இரண்டாவதுதான் நம்புகிற மாதிரி இருக்கிறது. வலிக்காதவன் ஞானி என்றால், வலிக்கிற நமக்கெல்லாம் அவரால் என்ன பிரயோஜனம்?

அடிமையாக இருக்கும்போதே முசோனியஸ் ரூஃபஸ் என்ற ஆசிரியரிடம் பாடம் கேட்டார். முசோனியஸ் கறாரான ஆள். வகுப்பில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தனுக்கும், நம்மைப் பற்றி இவரிடம் யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று தோன்றுமாம். ஒருநாள் தர்க்கப் பயிற்சி. நாம் கணக்கில் ‘ஸ்டெப்’ விட்டுவிடுகிற மாதிரி, ஒரு வாதத்தில் விடுபட்ட படியை எபிக்டெட்டஸ் கண்டுபிடிக்கவில்லை. வாத்தியார் சத்தம் போட்டார். இவருக்குக் கோபம். ரோமில் இருக்கிற கேபிடோல் கோயிலையா கொளுத்திவிட்டேன் என்று எதிர்த்துக் கேட்டார். (அந்தக் கோயில் கி.பி. 69இல் நிஜமாகவே எரிந்தது.) இந்த வாதத்தில் விட்டுப்போன அந்த ஒரு படிதான் இங்கே கேபிடோல் என்று பதில் வந்தது. இதைப் படித்தபோது எனக்கு நம்ம சர்வேயிங் பிராக்டிகல்தான் ஞாபகம் வந்தது. ஒரு ரீடிங் தப்பானால் கடைசியில் மட்டம் எங்கே போய் நிற்கும் என்று சிவில் நண்பர்களுக்குத் தெரியும்.

பிறகு விடுதலை பெற்று ரோமிலேயே பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். கி.பி. 93 வாக்கில் டொமிஷியன் மன்னன் தத்துவவாதிகளையெல்லாம் வெளியேறச் சொல்லிவிட்டான். கேள்வி கேட்கிறவர்களைக் கண்டால் எந்த ராஜாவுக்குத்தான் பிடிக்கும்? கிரீஸின் மேற்குக் கரைப் பக்கம் நிக்கோபோலிஸ் என்ற ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடம் வைத்தார். கடைசிவரை அங்கேதான்.

அவர் சொன்னது ஸ்டோயிக் தத்துவம். கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் ஸீனோ என்பவர் ஒரு தூண் மண்டபத்தில் நின்று ஆரம்பித்தது அது. அந்த மண்டபத்துக்கு ஸ்டோவா என்று பெயர். இவர் அதை ரொம்பச் சுருக்கமாக ஆக்கிவிட்டார். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது? உடம்பு, சொத்து, பதவி, அடுத்தவன் நம்மைப் பற்றி நினைப்பது எதுவும் நம் கையில் இல்லை. நாம் எதை விரும்புகிறோம், எதை ஒதுக்குகிறோம், ஒரு விஷயத்தை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது மட்டும் நம் கையில். எந்தப் பொருளுக்கும் இரண்டு கைப்பிடி உண்டு, ஒன்றைப் பிடித்தால் தூக்கலாம், மற்றதைப் பிடித்தால் தூக்க முடியாது என்பார். அண்ணன் உனக்குத் துரோகம் செய்தால், துரோகம் என்ற பிடியைப் பிடிக்காதே, கூடப் பிறந்தவன் என்ற பிடியைப் பிடி.

வெறும் பேச்சு அவருக்குப் பிடிக்காது. கட்டடம் கட்டுகிறவன் கட்டடக் கலையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுவதில்லை, வீட்டைக் கட்டிக் காட்டுகிறான் என்று சொல்லியிருக்கிறார். இதை அப்பாவிடம் சொன்னேன். அந்த ஆளும் கொத்தனாரா என்று கேட்டார்.

போன வருஷம் ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வில், அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுவிட்டு அங்கிருந்தவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் பார்வை என் கையில் இல்லை. அன்றைக்கு ராத்திரி எபிக்டெட்டஸ் எனக்கு உண்மையிலேயே உதவினார். ஆனாலும் ஒரு விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டை உண்டு. அடிமை முறையே தப்பு, அதை ஒழிக்கணும் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. நாடகத்தில் உனக்குப் பிச்சைக்காரன் வேஷம் கொடுத்தால் அதை நன்றாக நடி என்கிறார். எங்கம்மாவுக்கு ஆண் ஆளைவிடக் கூலி குறைச்சல். அந்த வேஷத்தைக் கொடுத்தது யாரு? கூலி நம் கையில் இல்லைதான்; கேட்பது நம் கையில் இருக்கிறதே! ஆனால் இதையும் சொல்லணும்: வெந்நீர் சூடாக இல்லை என்று அடிமையிடம் எரிந்து விழுகிறவர்களைப் பார்த்து, அவனும் உன் சகோதரன், கடவுளின் பிள்ளை, விலைச் சீட்டைக் காட்டி அதை மாற்ற முடியாது என்று அந்தக் காலத்திலேயே சொன்னார். ரோமில் அது சின்ன வார்த்தை இல்லை.

அவர் கைப்பட ஒரு வரிகூட எழுதவில்லை. அர்ரியன் என்ற மாணவர் எடுத்த நோட்ஸ்தான் நமக்குக் கிடைத்தது. எட்டுப் புத்தகத்தில் நாலுதான் மிச்சம். அதிலிருந்து சுருக்கிய சின்னக் கையேடு ஒன்றும் உண்டு. ஆசிரியர் பேசிய பேச்சுக் கிரேக்கத்திலேயே எழுதினார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. பின்னாளில் இதே அர்ரியன் மாகாண ஆளுநராகி, அலெக்சாண்டர் வரலாற்றையும் எழுதினார். கி.பி. 161இல் ரோமப் பேரரசராக வந்த மார்க்கஸ் அரேலியஸ், எபிக்டெட்டஸின் பேச்சுகளைப் படிக்கத் தந்ததற்காகத் தன் ஆசிரியருக்குத் தன் குறிப்பேட்டில் நன்றி சொல்லியிருக்கிறார். ஓர் அடிமையின் பாடத்தைச் சக்கரவர்த்தி படித்திருக்கிறார், நண்பர்களே!

அவர் வீட்டில் பெரிசாக எதுவும் கிடையாது. ஓர் இரும்பு விளக்கு இருந்தது. அதையும் திருடன் கொண்டுபோய்விட்டான். மறுநாள் மண் விளக்கு வாங்கிக்கொண்டார். ரொம்பக் காலம் தனிக்கட்டையாக இருந்தார். வயசான காலத்தில், நண்பர் ஒருவர் தன் குழந்தையை வளர்க்க வழியில்லாமல் கைவிட இருந்தபோது, இவர் அதை வாங்கிக்கொண்டார். பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணையும் வீட்டில் சேர்த்துக்கொண்டார்.

கி.பி. 135 வாக்கில் இறந்தார். அந்த மண் விளக்கை ஒருவர் மூவாயிரம் டிராக்மா கொடுத்து வாங்கினாராம். லூசியன் என்ற கிரேக்க எழுத்தாளர் இதைச் சொல்லி நன்றாகக் கேலி பண்ணியிருக்கிறார். ராத்திரி அந்த விளக்கை ஏற்றிவைத்துப் படித்தால் எபிக்டெட்டஸின் அறிவு தானாக வந்துவிடும் என்று வாங்கியவருக்கு நினைப்பாம்.