அலுவலுக்கு நடுவே ஓர் ஆராய்ச்சி

முன்னாள் மாணவன் என்ற முறையில் கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு என் தமிழ்ப் பேராசிரியர் ஐயா அவர்கள் சென்ற ஆண்டே சொல்லியனுப்பினார்கள். நேரமில்லை என்று பதில் சொல்லியனுப்பினேன். அது பொய்யன்று. ஒரகடத்தில் மோட்டார் உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறேன். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். காஞ்சிபுரத்தில் கம்பெனி பஸ் ஏறினால் வாலாசாபாத் வழியாக ஒரகடம் போய்ச் சேர ஒரு மணி நேரம். திரும்பி வர ஒரு மணி நேரம். ஓ.டி. இருந்தால் அதுவும் சேரும். வீடு வந்தால் ரேஷன், மின் கட்டணம், அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது என்று ஆயிரம் வேலை.

மாணவத் தம்பி தங்கையர் இதைப் படித்துச் சிரிக்கலாம். நானும் வரலாறு பயின்ற நாட்களில் நூலகம் பூட்டும் வரையில் எழுந்திராதவன்தான். வேலைக்குச் சேர்ந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுள் கடைசி எட்டு ஆண்டுகளில் ஒரு நூலைக்கூட நான் முழுவதுமாகப் படித்து முடித்ததில்லை. எடுத்த நூல்களைத் தவணை கடந்து அபராதத்துடன் திருப்பிக் கொடுத்ததே மிச்சம். நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் இரவில் கதை கேட்பாள். நானும் கல்லூரி நாட்களில் படித்த இரண்டையே மாற்றி மாற்றிச் சொல்லி வந்தேன். அப்பாவுக்கு இரண்டு கதைதான் தெரியும் என்று அவள் தன் பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு நாள் என் காதில் விழுந்தது. அவள் குறையாகச் சொல்லவில்லை. செய்தியாகத்தான் சொன்னாள். அதுதான் உறைத்தது.

பேராசிரியர் ஐயா கோபித்துக் கொள்ளவில்லை. எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்கு வரும் ஒரு தம்பியிடம் ஒரு நூலைக் கொடுத்தனுப்பினார்கள். வி. கனகசபைப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியதைப் பன்மொழிப் புலவர் கா. அப்பாத்துரையார் தமிழாக்கிய, ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகத்தைப் பற்றிய நூல் அது. வகுப்பில் இந்நூலின் பெயரைப் பலமுறை கேட்டிருக்கிறேன். தேர்வுக்காக ஆசிரியர் பெயரையும் 1904 என்ற ஆண்டையும் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் அப்பெருமகனார் யார், என்ன தொழில் செய்தார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஏதோ ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருந்திருப்பார் என்றே எண்ணியிருந்தேன். விசாரித்துப் படித்த பிறகுதான் தெரிந்தது, அவர் தபால் சூப்பரிண்டாக இருந்தவர் என்பது. அது மட்டுமன்று. அலுவல் நிமித்தம் வந்திருந்த இடத்தில் அவர் உயிர் பிரிந்ததும் எங்கள் காஞ்சிபுரத்தில்தான்.

கனகசபைப் பிள்ளை 1855ஆம் ஆண்டு சென்னைக் கோமளீசுவரன்பேட்டையில் பிறந்தார். தந்தையார் விசுவநாத பிள்ளை யாழ்ப்பாணத்து மல்லாகத்தைச் சேர்ந்தவர். 1862இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதிப் பணியில் துணைநின்றவர் அவர். அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட பேரகராதி அது. சொல்லுக்குப் பொருள் தேடுவது அன்றாட வேலையாக இருந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. இருபது வயதளவில் பி.ஏ. பட்டம் பெற்று அஞ்சல் துறையில் சேர்ந்தார். இடையே சட்டமும் படித்துத் தேறி மதுரையில் சிறிது காலம் வழக்கறிஞராக இருந்தார். அது நிலைக்கவில்லை. மீண்டும் அஞ்சல் துறைக்கே வந்து, இறுதிவரை அதிலேயே இருந்துவிட்டார்.

அந்தக் காலத்து அஞ்சல் துறை என்றதும் ஓய்வான உத்தியோகம் என்று நினைத்துவிடக் கூடாது. 1880இல் மணியார்டர் அஞ்சலகத்தின் பொறுப்புக்கு வந்தது. 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கிற்று. கடிதம் சுமந்த துறை ஊரார் பணத்தையும் சுமக்கத் தொடங்கிய காலம் அது. சூப்பரிண்டு என்றால் தம் கோட்டத்தில் உள்ள அஞ்சலகங்களுக்கெல்லாம் நேரில் போய்த் தணிக்கை செய்ய வேண்டும். கையிருப்புப் பணம், தபால் தலை, பதிவுத் தபால் புத்தகம், சேமிப்புக் கணக்கு எல்லாம் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். ரயில் உள்ள ஊருக்கு ரயிலில், இல்லாத ஊருக்கு மாட்டு வண்டியில். எங்களுக்காவது தினமும் ஒரே பஸ், ஒரே வழி. அவருக்கு அதுவும் இல்லை.

இப்படி ஊர் ஊராகச் சுற்றிய மனிதர் எதைப் படித்தார் என்பதையும் பார்க்க வேண்டும். இன்று நாம் புறநானூற்றை ஒரு மலிவுப் பதிப்பில் வாங்கிவிடுகிறோம். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அது அச்சிலேயே இல்லை. சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தது 1887இல். உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும், மணிமேகலையை 1898இலும் வெளியிட்டார். அதற்கு முன் படிக்க வேண்டுமானால் ஓலைச்சுவடியில்தான் படிக்க வேண்டும். சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஒரு வரியைப் பிரித்துப் பொருள் கொள்வதற்குள் ஒரு மாலை போய்விடும். அச்சுக்கு வராதிருந்த அகநானூற்றைக்கூடத் தம் நூலில் அவர் எடுத்தாள்கிறார் என்றால், எத்தனை மாலைகள் அப்படிப் போயிருக்க வேண்டும்!

சுவடி தேடி அலைய அவருக்கு விடுமுறை ஏது? எனவே அப்பாவு பிள்ளை என்பவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, சுவடி இருக்கும் இடங்களுக்கு அனுப்பிப் படி எடுத்துவரச் செய்தார். பல ஆண்டுகள் இது நடந்தது. துறை தந்த ஊதியத்தில் ஒரு பகுதி இப்படி ஓலைக்கும் தாளுக்கும் போயிற்று. தாம் சேர்த்தவற்றைப் பூட்டி வைத்துக்கொள்ளவும் இல்லை. சாமிநாதையரின் பதிப்பு வேலைக்கு உதவட்டும் என்று அவரிடம் கொடுத்தார். அரிய சுவடியைக் கண்ணில் காட்டவும் பலர் மறுத்த காலம் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

தாமோதரம் பிள்ளையும் உத்தியோகம் பார்த்தவரே. கணக்கு அலுவலராகவும் பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தவர். அந்தத் தலைமுறையில் தமிழுக்கு உழைத்தவர்களில் பலருக்குப் பகல் பொழுது சொந்தமாக இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

1895 முதல் 1901 வரை ‘மெட்ராஸ் ரிவ்யூ’ என்ற ஆங்கில இதழில் கனகசபைப் பிள்ளை பண்டைத் தமிழரைப் பற்றித் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். அவையே 1904இல் பதினாறு இயல்கள் கொண்ட நூலாயின. நாடும் எல்லையும், அயல்நாட்டு வாணிகம், குடிகள், சோழர், பாண்டியர், சேரர், குறுநில மன்னர், மக்கள் வாழ்க்கை, திருக்குறள், சிலம்பின் கதை, மேகலையின் கதை, புலவர்கள், தத்துவம், சமயம் என்று போகிறது நூல். எதற்கும் எத்தனை நிமிடம், எத்தனை செகண்டு என்று கணக்குப் பார்ப்பது என் தொழிற்சாலைப் பழக்கம். ஆறாண்டு, பதினாறு இயல். ஏறத்தாழ நான்கரை மாதத்துக்கு ஓர் இயல். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கு மலைப்பு நீங்கிற்று. நான்கரை மாதம் எனக்கும் வருகிறது. ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேலேயே வருகிறது.

ஆனால் வெறும் காலக் கணக்கில் முடிகிற காரியமன்று இது. துண்டு துண்டான நேரத்தில் படித்தது எப்படிச் சிதறாமல் ஒன்றாகச் சேர்ந்தது? நூலைப் படிக்கையில் எனக்குப் புலப்பட்ட விடை இது: அவர் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தார். இந்தப் பாட்டில் வரும் மன்னர்கள் எந்தக் காலத்தவர் என்பதே அக்கேள்வி. அப்படி ஒரு கேள்வி இருந்தால் அரைமணி நேரப் படிப்பும் வீணாவதில்லை. கிடைத்தது ஒரு பெயரானாலும் அது போய் உட்கார ஓர் இடம் இருக்கும்.

எடுத்துக்காட்டாக ஒன்று சொல்கிறேன். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்த விழாவில் இலங்கை வேந்தன் கயவாகுவும் கலந்துகொண்டான் என்கிறது சிலப்பதிகாரம். கஜபாகு என்ற மன்னனின் ஆட்சியை இலங்கையின் மகாவம்சம் வரிசைப்படுத்திச் சொல்கிறது, கணக்கிட்டால் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு வருகிறது. கனகசபைப் பிள்ளை இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். செங்குட்டுவனுக்கு ஒரு காலம் கிடைத்தது. அவனைக் கொண்டு மற்றவர்களுக்கும் காலம் வகுத்தார். பிறகு தாலமியையும் பெரிபுளூஸையும் பிளினியையும் எடுத்துக்கொண்டார். அவர்கள் சொல்லும் முசிறிஸ் நம் முசிறி, கொல்கொய் நம் கொற்கை, கபேரிஸ் நம் காவிரிப்பூம்பட்டினம் என்று பொருத்திக் காட்டினார். மிளகுக்குப் பொன் கொண்டுவந்த யவனர் கப்பல், தமிழ்ப் பாட்டிலும் கிரேக்கர் குறிப்பிலும் ஒரே துறைமுகத்தில் வந்து நிற்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் வீலர் அகழ்ந்து ரோமானியப் பண்டங்களை எடுத்தது 1945இல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், மண்ணைத் தோண்டாமல் நூலைத் தோண்டியே இவர் அவ்வாணிகத்தை விளக்கி வைத்துவிட்டார்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். தமிழர் மங்கோலிய இனத்தவர், கங்கைக் கழிமுகத்துத் தாமிரலிப்தியிலிருந்து வந்தவர், அப்பெயரிலிருந்தே தமிழ் என்ற பெயர் வந்தது என்று அவர் எழுதியதை இன்று ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. கயவாகுவை வைத்துக் காலம் குறிப்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. அவருக்குப் பின் புகலூர்க் கல்வெட்டு படிக்கப்பட்டது, கீழடி வந்தது. தனியாக, ஓய்வு நேரத்தில், பல்கலைக்கழகத்தின் துணையில்லாமல் எழுதியவர் சில இடங்களில் வழுக்கியிருக்கிறார். எனக்கு அது அவர்மேல் மதிப்பைக் குறைக்கவில்லை. இனவரலாற்றுப் பகுதியைச் சற்று வேகமாகப் புரட்டினேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நூல் வெளிவந்து இரண்டு ஆண்டுகளே அவர் இருந்தார். 1906ஆம் ஆண்டு காஞ்சிபுரத்துக்கு அலுவல் மேல் வந்திருந்தபோது காலமானார். ஐம்பது வயதைத்தான் கடந்திருந்தார். மணிமேகலையின் கதையை ஆங்கிலம் படித்த உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவர். அந்த மணிமேகலை, பசியால் வாடிய மக்களுக்கு அமுதசுரபியால் சோறிட்டதும், அறம் கேட்டுத் தவம் பூண்டதும் இதே காஞ்சியில்தான். இந்த ஊரில் பிறந்து, இதே ஊரில் தினமும் பஸ் ஏறும் எனக்கு இது நாற்பது வயதில் தெரியவந்தது.

நூலை நான் படித்து முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. இரவு ஷிப்ட் முடிந்து வரும் காலையில் எழுத்து கண்ணில் நிற்காது. அந்த வாரங்களில் படிப்பதில்லை என்று முதலிலேயே விட்டுவிட்டேன். மற்ற இரண்டு வாரங்களில் போகும்போது மட்டும் படிப்பேன். வாலாசாபாத்தைத் தாண்டினால் பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் தூங்கிவிடுவார்கள். காலை ஷிப்டு பஸ்ஸில் உள்விளக்கை அணைத்துவிடுவது வழக்கம். என் இருக்கைக்கு மேலே உள்ள ஒன்றை மட்டும் விட்டுவைக்குமாறு டிரைவர் அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன். ஏதோ பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிப்பதாகத்தான் உடன் வருபவர்கள் ஒரு மாதம் வரை நினைத்திருந்தார்கள். பெயர்களைக் குறித்துக்கொள்ளச் சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டும் வைத்திருந்தேன். மூன்று நாள் விட்டுத் தொடங்கினாலும் எங்கே விட்டோம் என்பது அந்த நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என் மகளுக்கு இப்போது மூன்றாவது கதையாக மணிமேகலை கிடைத்திருக்கிறது. ஒரேயடியாகச் சொல்லாமல் நான் படித்த அளவுக்கு மட்டுமே சொல்லி வந்தேன். நூலை முடித்த பின்பும் தவணை முறையை அவள் விடவில்லை. பாத்திரத்தில் முதல் பிச்சை இட்ட ஆதிரை வரை வந்திருக்கிறோம். அடுத்த வாரம் எனக்கு இரவு ஷிப்ட். கதை காஞ்சிபுரம் வந்து சேர இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும்.